ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் ஓப்பரா ஹவுஸ் எதற்கு? நெப்ராஸ்காவின் ரெட் கிளவுட்டை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: நெப்ராஸ்கா, அயோவா, கான்சஸ் பக்கம் பெருஞ்சாலையை விட்டு இறங்கிப் போனால், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்களின் நடுவே இரண்டு மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் ‘ஓப்பரா ஹவுஸ்’ என்றுகூட எழுதியிருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளக் காடு. விவசாய ஊருக்கு இதெல்லாம் எதற்கு? யார் காசில் கட்டினார்கள்? காலியாகக் கிடந்தும் ஏன் இடிக்கவில்லை?

சுருக்கமாகச் சொல்வதானால், அந்தக் கட்டடங்கள் வரப்போவதாக நம்பிய ஒரு பெரிய ஊருக்காகக் கடன் வாங்கிக் கட்டப்பட்டவை. அந்தப் பெரிய ஊர் வரவேயில்லை. பிறகு, இருப்பதை இடித்துப் புதிதாகக் கட்ட யார் கையிலும் காசில்லை. அதனால் நிற்கின்றன. இதை விளக்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வது வசதி. நெப்ராஸ்காவின் தெற்கு ஓரத்தில், கான்சஸ் எல்லைக்குச் சில மைல் வடக்கே, ரிபப்ளிகன் ஆற்றை ஒட்டி ரெட் கிளவுட் என்றொரு ஊர் இருக்கிறது. வெப்ஸ்டர் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) தலைநகர். 2020 கணக்கெடுப்பில் 962 பேர். எழுத்தாளர் வில்லா கேதர் வளர்ந்த ஊர் என்பதால் அதன் ஒவ்வொரு கட்டடத்தின் கதையும் பதிவாகியிருக்கிறது. பக்கத்து ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் பெயர். ரெட் கிளவுட் என்பவர் லகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர். 1866 முதல் 1868 வரை அமெரிக்கப் படையோடு போரிட்டு, கோட்டைகளைக் காலி செய்ய வைத்தவர். 1870இல் அவர் வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் பேசியது நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. அதே ஆண்டில்தான் அயோவாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த குடியேறிகள் இந்த ஆற்றோரத்தில் மரக்கோட்டை ஒன்றைக் கட்டி உட்கார்ந்தார்கள். பேப்பரில் பார்த்த பெயரை ஊருக்கு வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இது லகோட்டாக்களின் நிலமே அல்ல. அவர்களுக்குப் பரம எதிரிகளான பாவ்னிகளின் நிலம். ஊருக்குக் கிழக்கே, கைடு ராக் போகும் வழியில், 1806இல் ஸெபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரி வந்து பார்த்த பாவ்னி கிராமத்தின் தடயங்கள் இருக்கின்றன. ஸ்பெயின் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்ற வைத்தது அங்கேதான். அந்தக் கிராமத்து வீடுகள் மரச்சட்டத்தின்மேல் மண் மெத்திய வட்ட வடிவ வீடுகள். வாசல் கிழக்கு பார்த்திருக்கும். வட்டாரத்தின் பழைய கட்டடங்கள் என்று பேசினால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1833 ஒப்பந்தத்தில் பாவ்னிகள் பிளாட் ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தை இழந்தார்கள். 1870களின் நடுவில் எஞ்சியவர்களும் இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஊரை நிறுவியவர் சைலஸ் கார்பர். உள்நாட்டுப் போரில் கேப்டனாக இருந்தவர். 1871இல் கவுண்டியை அமைக்கும் தேர்தல் நடந்தது அவருடைய குழிவீட்டில்தான். ஆற்றங்கரை மேட்டைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் மரம் வைத்து அடைத்த பொந்து அது. நான்கே ஆண்டில் அதே மனிதர் நெப்ராஸ்காவின் ஆளுநர்; 1875 முதல் 1879 வரை இரண்டு தவணை. இந்த வேகத்தை மனதில் வையுங்கள், கட்டடங்களின் கதைக்குத் தேவைப்படும்.

குடியேறிகளை இழுத்தது 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம். சிறு கட்டணம் கட்டி, ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தம். ஏன் 160? மைலுக்கு மைல் கட்டமாக அளந்த நிலத்தில் ஒரு கட்டம் 640 ஏக்கர். அதில் கால் பங்கு. இன்றும் விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் அந்தச் சதுரங்கள், மைலுக்கொன்றாகச் செல்லும் மண் சாலைகள் எல்லாம் அந்த அளவையின் மிச்சம். மரம் கிடையாத சமவெளி என்பதால் முதல் வீடுகள் புல்வேர் பின்னிய மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாகச் சீவி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல்போல் அடுக்கியவை. சுவர் இரண்டு மூன்று அடி தடிமன். குளிருக்கும் வெயிலுக்கும் அருமை. மழைக்குக் கூரை ஒழுகும், ஓய்ந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பாம்பும் எலியும் சுவரிலேயே குடித்தனம். அந்த வீடுகளில் ஏறத்தாழ எதுவுமே இன்று மிஞ்சவில்லை. மண் மண்ணோடு போய்விட்டது.

எல்லாவற்றையும் மாற்றியது ரயில். பர்லிங்டன் கம்பெனியின் பாதை 1879இல் ரெட் கிளவுட்டைத் தொட்டது. ரயில் கம்பெனிகள் ரயில் மட்டும் ஓட்டவில்லை. அவை நிலத் தரகர்கள். பாதை போடுவதற்கு ஈடாக அரசு கொடுத்த நிலத்தில், பர்லிங்டனுக்கு நெப்ராஸ்காவில் மட்டும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் கிடைத்தது. அதை விற்க ஐரோப்பாவில் துண்டறிக்கை அடித்தார்கள். செக், ஜெர்மன், ஸ்வீடன் குடும்பங்கள் ரயிலேறி வந்தன. ஊர்களை எவ்வளவு அசட்டையாக உண்டாக்கினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: லிங்கன் நகருக்கு மேற்கே இதே பர்லிங்டன் பாதையில் உள்ள ஊர்ப் பெயர்கள் கிரீட், டார்செஸ்டர், எக்ஸிடர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனஸா, லோவல். ஆங்கில எழுத்து வரிசையை அப்படியே எடுத்து ஸ்டேஷனுக்கொன்றாக வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ தானியத்தை ஏற்றிக்கொண்டு வந்து, விற்று, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரக் கணக்கில்தான் ஸ்டேஷன்கள் விழுந்தன. இத்தனை ஊர் எதற்கு என்று இப்போது தோன்றுவதற்கு இதுவே காரணம். வண்டிக்காகப் போட்ட இடைவெளி. லாரி வந்ததும் பாதி ஊர் மிகை.

ரயில் வந்ததும் விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளின் பைன் மரம் சிகாகோ வழியாக வந்து இறங்கியது. முதல் தலைமுறைக் கடைகள் மரக்கடைகள். ஒற்றை மாடிக் கொட்டகைக்கு முன்னால் பெரிய பலகைச் சுவரை நிறுத்தி இரண்டு மாடிபோல் காட்டுவார்கள். ஓர் அடுப்புத் தீ போதும், தெருவே போய்விடும். இப்படிப் பல ஊர்கள் எரிந்தன. எரிந்த ஊர்களில் காப்பீட்டுக்காரர்கள் செங்கல் கட்டடத்துக்குத்தான் சரியான விலை சொன்னார்கள். அப்படி வந்தவைதான் நீங்கள் பார்த்த வரிசை. மனைகள் பொதுவாக 25 அடி அகலம், நீளம் அதைப்போல நாலைந்து மடங்கு. இரண்டு கடைக்கு நடுவே ஒரே சுவர். கீழே கடை, மேலே வக்கீல், பல் மருத்துவர், லாட்ஜ் கூடம். லாட்ஜ் என்றால் தங்கும் விடுதியல்ல; மேசன்கள், ஆட் ஃபெல்லோஸ் போன்ற சகோதர சங்கங்கள். கட்டட உச்சியில் மூன்று வளையம் கோத்த சின்னத்தைப் பார்த்தால் அது ஆட் ஃபெல்லோஸ் மாடி. சாவுச் செலவுக்கும் விதவைக்கும் உதவிப் பணம் கொடுத்தது அந்தச் சங்கங்கள்தான். அரசு அப்போது எதுவும் கொடுக்கவில்லை.

முகப்பு எவ்வளவு ஜோராக இருக்கிறது, எங்கிருந்து கொத்தர்கள் வந்திருப்பார்கள் என்று வியக்க வேண்டாம். பல ஊர்களில் அது தபாலில் வந்த சாமான். செயின்ட் லூயிஸில் மெஸ்கர் பிரதர்ஸ் என்ற ஆலையும், இன்டியானாவின் எவன்ஸ்வில்லில் அவர்களுடைய சகோதரர் ஜார்ஜ் மெஸ்கரின் ஆலையும் பட்டியல் புத்தகம் அச்சடித்து அனுப்புவார்கள். முகப்பின் அகலத்தை எழுதிப் போட்டால், வார்ப்பிரும்புத் தூண்கள், துத்தநாகம் பூசிய தகட்டில் அச்சழுத்திய பூவேலை, உச்சி விளிம்பு எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். உள்ளூர்த் தச்சர் ஆணி அடித்து மாட்டிவிடுவார். சாம்பல் வண்ணம் பூசினால் கல்போலத் தெரியும். அடுத்த முறை போகும்போது கடை வாசல் தூணின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். ஆலையின் பெயரும் ஊரும் வார்த்திருப்பார்கள். காந்தம் ஒன்று கையில் இருந்தால் எது கல், எது தகடு என்று உடனே தெரிந்துவிடும்.

இனி ஓப்பரா ஹவுஸ். ரெட் கிளவுட்டின் ஓப்பரா ஹவுஸ் 1885இல் எழுந்தது. கீழ்த்தளம் ஹார்டுவேர் கடை, மேல்தளம் அரங்கம். வாடகை வரும் இடத்தை மேடைக்கு வீணாக்க மாட்டார்கள் என்பதால் ஊருக்கு ஊர் இதே அமைப்புதான். ஓப்பரா நடந்தது அபூர்வம். நாடகக் கொட்டகை என்று பெயர் வைத்தால் பக்திமான்கள் குடும்பத்தோடு வர மாட்டார்கள். ஆகவே கௌரவமான பெயர். ரயிலில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகள் வந்து சில நாள் தங்கி ஆடிவிட்டுப் போகும். மற்ற நாட்களில் அரசியல் கூட்டம், நடனம், பள்ளி விழா. 1890இல் ரெட் கிளவுட் உயர்நிலைப் பள்ளியில் தேறியவர்கள் மொத்தம் மூன்று பேர். அந்த மேடையில் ஏறி, மூடநம்பிக்கையா ஆராய்ச்சியா என்ற தலைப்பில் அறிவியலுக்காக வாதாடிய மாணவிதான் பதினாறு வயது வில்லா கேதர். அவரைத் தவிர்த்த மற்ற இருவரும் பையன்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அப்படி என்ன அவசரம்? மழைதான். இந்த வட்டாரம் ஈரமான கிழக்குக்கும் வறண்ட மேற்குக்கும் நடுவிலுள்ள கோட்டில் இருக்கிறது. 1880களில் பல ஆண்டுகள் நல்ல மழை. நிலத்தை உழுதால் அந்த ஈரத்தால் மழையும் கூடும் என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாமுவேல் ஆகி (Samuel Aughey) என்பவர் அறிவியல்போலவே எழுதினார். கலப்பையைப் பின்தொடர்ந்து மழை வரும் என்று நிலம் விற்பவர்கள் அதை முழக்கமாக்கினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள், கண்ணெதிரே பெய்கிறதே! கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகை 1880இல் நாலரை லட்சம், 1890இல் 10.6 லட்சம். அந்த 1890 கணக்கிலேயே ஊருக்கு ஊர் ஆளைக் கூட்டி எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. பக்கத்து ஊரைவிடத் தன் ஊர் பெரிது என்று காட்டினால்தான் அடுத்த ரயில் பாதையும் அடுத்த முதலீடும் வரும். மூன்று மாடிச் செங்கல் முகப்பும் அதே மாதிரியான விளம்பரம்தான்.

பணம் கிழக்கிலிருந்து வந்தது. பாஸ்டன், நியூயார்க் பக்கத்துச் சேமிப்புகளுக்கு அங்கே கிடைத்ததைவிட இங்கே நிலத்தின் பேரில் கொடுத்தால் அதிக வட்டி. அதை விவசாயிக்குக் கொண்டு சேர்க்க ஊருக்கு ஊர் கடன் அலுவலகங்கள். வில்லா கேதரின் அப்பா சார்லஸ் கேதர் செய்த தொழிலும் அதுதான். விவசாயம் ஒத்துவராமல் 1884இல் ஊருக்குள் வந்து கடன், காப்பீட்டு அலுவலகம் வைத்தார். கார்பரும் வங்கி வைத்திருந்தார். 1889இல் அவர் கட்டிய விவசாயிகள் வணிகர்கள் வங்கிதான், என்னைக் கேட்டால், ஊரிலேயே பார்க்க வேண்டிய முதல் கட்டடம். சிவப்புச் செங்கலும் சிவப்புக் கல்லும், கனத்த வளைவுகளும், நடுவே சுடுமண் அலங்காரமும். தெருவில் அதற்கு இரண்டு பக்கமும் இருப்பவை கடைகள். இதுமட்டும் கோட்டைபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அகலம் ஒன்றும் பெரிதில்லை, சாதாரணக் கடை அளவுதான். அந்தக் குறுகலான முகப்பில் இத்தனை கனத்தை ஏற்றியிருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. போட்ட பணம் எங்கும் போகாது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது வங்கிக் கட்டடத்தின் வேலை. வைப்புக்கு அரசு உத்தரவாதம் எதுவும் இல்லாத காலம் அது.

பணம் போய்விட்டது. 1889–90 குளிர்காலத்தில் மக்காச்சோளம் அவ்வளவு மலிவாகி, நிலக்கரிக்குப் பதில் அதையே அடுப்பில் எரித்தார்கள். 1893இல் நாடு முழுக்க நிதி நெருக்கடி. ஏறத்தாழ 500 வங்கிகள் கதவடைத்தன. கட்டி நாலே ஆண்டான கார்பரின் வங்கியும் அவற்றில் ஒன்று. 1894 கோடையில் மழை பொய்த்து, அனல்காற்றில் பயிர் நின்ற நிலையில் கருகியது. விவசாயிகள் வட்டி கட்ட முடியாமல் திரும்பிப் போனார்கள். குழிவீட்டிலிருந்து ஆளுநர் பதவிவரை போன கார்பர் தன் சொத்தையெல்லாம் இழந்து 1905இல் இறந்தார். அவருடைய மனைவியை மனதில் வைத்துப் பின்னாளில் கேதர் ஒரு நாவலே எழுதினார். இந்த வட்டாரத்தில் விவசாயிகளின் கட்சியான பாப்புலிஸ்ட் கட்சி எழுந்ததும், 1892இல் அது ஒமாஹாவில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டதும், ரயில் கட்டணத்தையும் வங்கிகளையும் திட்டித் தீர்த்ததும் இந்தப் பின்னணியில்தான். அகலக்கால் வைத்தவர்கள் கார்பர் மட்டுமல்ல. இவர்கள் போட்ட மாடிகளைத்தான் நாம் இன்று அண்ணாந்து பார்க்கிறோம்.

இன்னொரு அலை பிறகு வந்தது. 1900க்குப் பின் விலை ஏறியது. 1909 முதல் 1914 வரையிலான விளைபொருள் விலையைத்தான் நியாய விலைக்கு அளவுகோலாக அரசு பல பத்தாண்டு வைத்துக்கொண்டது என்றால், விவசாயிக்கு அது எப்பேர்ப்பட்ட காலமாக இருந்திருக்கும்! ரெட் கிளவுட்டில் இருக்கும் கவுண்டி நீதிமன்றம் 1914ஆம் ஆண்டுக்காரன். தூண், படிக்கட்டு என்று கிரேக்கக் கோயில் பாணி. 1880களின் கரடுமுரடான வளைவுகள் அதற்குள் பழைய மோஸ்தர் ஆகிவிட்டன. இதே காலத்தில் சிகாகோவில் வாய்ப்பிழந்து நின்ற லூயிஸ் சல்லிவன் என்ற மகா கட்டடக் கலைஞருக்கு வேலை கொடுத்தவை விவசாய ஊர் வங்கிகள்தான். மின்னசோட்டாவின் ஓவட்டோனா (1908), அயோவாவின் கிரினல் (1914), விஸ்கான்சினின் கொலம்பஸ் (1919) ஆகிய ஊர்களில் உள்ள அவருடைய வங்கிகளைப் பார்க்க இன்றும் உலகெங்கிலும் இருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள். வழியில் கிரினல் வந்தால் தயவுசெய்து இறங்குங்கள். வெற்றுச் செங்கல் பெட்டியின் வாசலுக்கு மேல் மட்டும் சுடுமண்ணில் வட்டமும் சதுரமும் பின்னிப் பிணைந்து வெடித்ததுபோல் இருக்கும்.

ஆகவே உங்களுக்கு ஒரு சுலபமான வழி: எந்த ஊரானாலும் கட்டட உச்சியில் பொறித்த ஆண்டைப் படியுங்கள். ரயில் வந்த ஆண்டுக்கும் 1893க்கும் நடுவே ஒரு கொத்து. 1900க்கும் 1919க்கும் நடுவே இன்னொரு கொத்து. 1920இல் விலை விழுந்தது. அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. முப்பதுகளில் வறட்சி. ரிபப்ளிகன் ஆறு 1935 மே 31 அன்று ஒரே இரவில் பொங்கி நூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. பின் டிராக்டர், தார்ச்சாலை, பெரிய பண்ணைகள், எண்பதுகளின் கடன் நெருக்கடி. நான்கு குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுதால் கடைக்கு யார் வருவார்?

கட்டடங்களைத் தவிர்த்து ஊருக்கு வெளியே ஒன்று பார்க்க வேண்டும். ரெட் கிளவுட்டுக்குக் கிழக்கே சில மைலில் ஸ்டார்க் சகோதரர்கள் 1902–03இல் கட்டிய வட்டத் தொழுவம். விட்டம் 130 அடி, மூன்று தளம். நாட்டிலேயே மிகப் பெரிய வட்டத் தொழுவங்களில் ஒன்று. கீழே கால்நடை, மேலே வைக்கோல். சதுரமாகக் கட்டாமல் ஏன் வட்டம்? அந்தக் காலத்து வேளாண் கல்லூரிகள் பரப்பிய யோசனை அது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 130 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் 13,270 சதுர அடி அடங்கும், சுற்றுச்சுவர் 408 அடி. அதே பரப்பைச் சதுரமாகக் கட்டினால் சுவர் 460 அடிக்கு மேல் போகும். செலவு மிச்சம், நடுவில் நின்று எல்லா மாட்டுக்கும் தீனி போடலாம், சமவெளிக் காற்றுக்கு முட்ட மூலையும் இல்லை. ஆனால் அந்தக் கூரையைப் போடுவதற்குள் தச்சனுக்கு உயிர் போய்விடும், பின்னால் நீட்டிக் கட்டவும் முடியாது. அதனால் மோகம் இருபது முப்பது ஆண்டில் அடங்கிவிட்டது. உள்ளே போய் நின்று மேலே பார்த்தால்தான் அந்த உத்தரங்களின் அளவு புரியும்.

ஏன் இடிக்கவில்லை என்ற கேள்விக்கு மறுபடி வருகிறேன். பெருநகரங்களில் பழைய கட்டடங்களைத் தின்றது மனை விலை. இங்கே மனைக்கு விலையே இல்லை; இடிப்பதற்கான செலவு அதைவிட அதிகம். நாற்பது, ஐம்பதுகளுக்குப் பிறகு சில இடங்களில் முகப்பின்மேல் அலுமினியத் தகடு போர்த்தி ‘நவீன’மாக்கினார்கள். உள்ளே அச்சழுத்திய தகட்டுக் கூரையை மறைத்துத் தாழ்வான கூரை மாட்டினார்கள். அசிங்கம்தான், ஆனாலும் அடியில் இருந்ததைப் பல ஊர்களில் அதுதான் காப்பாற்றிக் கொடுத்தது. உண்மையில் இந்தக் கட்டடங்களைக் கொல்வது இரண்டு. ஒன்று கூரை ஒழுகல். இன்னொன்று நல்லெண்ணப் பழுதுபார்ப்பு. அந்தக் காலத்துச் செங்கல் மிருது, இடையில் பூசியது சுண்ணாம்புச் சாந்து. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேறிவிடும். சாந்து உதிர்கிறதே என்று யாராவது சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே நின்று, குளிர்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தைத் தோலுரித்து எறிந்துவிடும். தெருவில் நடக்கும்போது பள்ளம் விழுந்த செங்கற்களையும், அவற்றுக்கு நடுவே முழுசாகத் துருத்திக்கொண்டிருக்கும் சாம்பல் நிறச் சிமென்ட் கோடுகளையும் பார்த்தால் நடந்தது இதுதான் என்று கொள்ளலாம்.

ரெட் கிளவுட்டுக்குத் தப்பிப் பிழைக்கக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. பக்கத்துச் சிற்றூரில் ஆசிரியையாக வேலை பார்த்து, பிறகு மருத்துவரான கணவரோடு இங்கே குடியேறிய மில்ட்ரெட் பென்னட், கேதரின் கதைகளில் வரும் மனிதர்களையும் வீடுகளையும் உள்ளூர்க் கிழவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேகரித்தார். 1955இல் சில நண்பர்களோடு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கார்பரின் வங்கி, கேதர் வளர்ந்த வீடு, கத்தோலிக்க மாதா கோயில், ரயில் ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. 1978இல் சில கட்டடங்கள் மாநில வரலாற்றுச் சங்கத்திடம் போய், பல பத்தாண்டுக்குப் பிறகு அறக்கட்டளைக்கே திரும்பின. நெடுங்காலம் மூடிக்கிடந்த ஓப்பரா ஹவுஸ் 2003இல் மீண்டும் திறந்தது. 2017இல் பெரிய கடைக் கட்டடமொன்று தேசிய வில்லா கேதர் மையமாயிற்று.

கேதர் வீடு தேர்ட் தெருவும் சீடர் தெருவும் சேரும் மூலையில் இருக்கிறது. 1879 வாக்கில் எழுந்த சின்ன மரவீடு, ஒன்றரை மாடி. வாடகை வீடு. ஏழு பிள்ளைகள், பெற்றோர், பாட்டி, வேலைக்கார அம்மாள் எல்லாரும் அதற்குள்தான். பிள்ளைகள் பரணில் படுப்பார்கள். அதன் ஒரு மூலையைத் தடுத்து மூத்த பெண்ணுக்குத் தனி அறை. வேலை பார்த்த மருந்துக்கடையில் கூலிக்குப் பதிலாக ரோஜாப்பூ போட்ட சுவர்த்தாளை வாங்கிவந்து அந்தப் பெண்ணே ஒட்டியிருக்கிறார். அந்தத் தாள் இன்றும் சரிவான கூரையடியில் பழுப்பேறி இருக்கிறது. பிளாக் ஹாக், மூன்ஸ்டோன், சுவீட் வாட்டர் என்று அவர் நாவல்களில் வரும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் இதே தெருக்கள்தான். அவருடைய மிகப் புகழ்பெற்ற நாயகிக்கு முன்மாதிரியான அன்னா பவெல்கா, பொஹிமியாவிலிருந்து 1880இல் சிறுமியாக வந்து, மறு ஆண்டே அப்பாவைத் தற்கொலைக்குப் பறிகொடுத்து, வீட்டு வேலை பார்த்து, பெரிய குடும்பத்தை வளர்த்து 1955வரை வாழ்ந்தார். கவுண்டியின் வட பகுதியில் அவருடைய பண்ணை வீடும் பழம், ஊறுகாய் வைக்கும் நிலவறையும் இருக்கின்றன.

போவதாக இருந்தால் வெப்ஸ்டர் தெருவில் உள்ள கேதர் மையத்தில் தொடங்குங்கள். கட்டடங்களுக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ரயில் ஸ்டேஷன் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது, பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போனதால். அதையும் தாண்டிக் கான்சஸ் எல்லையை நோக்கிப் போனால், கலப்பையே படாத 612 ஏக்கர் புல்வெளியைக் கேதர் பெயரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். செங்கல் தெருவைப் பார்த்த அன்றே அதையும் பார்த்துவிடுவது நல்லது. குடியேறிகள் வந்து இறங்கியபோது இங்கே என்ன இருந்தது என்று அப்போதுதான் பிடிபடும்.